மேய்ச்சல் நிலமும் ஆடுகளமும்

துடிப்பு மிகுந்த நாயை வீட்டில் வளர்ப்போர் பலர் விரைவில் சலிப்படைவர். செருப்பைக் கடித்தல், வேலியைத் தாண்டுதல், ஓயாது குரைத்தல் ஆகியன அதன் குற்றங்களாக எண்ணப்படுகின்றன. அக்குற்றங்களின் வேரை ஆராய்ந்தால், அவற்றுட் பல, செய்தற்குத் தொழிலின்றி வீணாகும் ஆற்றலின் வெளிப்பாடுகள் என்பது புலப்படும். அத்தகைய ஆற்றலுக்கு ஒரு புதிய தொழில் வாய்த்த வரலாறே 'அஜிலிட்டி' எனப்படும் நாய்த் தடைதாண்டும் போட்டியின் வரலாறு.

இவ்வரலாற்றின் முன்னுரையை மேய்ச்சல் நிலத்தில் காணலாம். 1873ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில் ஆட்டுக்காவல் நாய்களுக்கான போட்டி ஒன்று நிகழ்ந்தது. அதில் 'டுவீட்' என்னும் நாய் வெற்றி பெற்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 1893இல், இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துப் பகுதியில் ஆடம் டெல்ஃபர் என்பாரிடம் 'ஹெம்ப்' என்னும் நாய் பிறந்தது. குரைத்தும் கடித்தும் மந்தையை விரட்டாமல், அமைதியாக நெருங்கித் தன் பார்வையாலேயே அதனை நகர்த்தியது இந்நாய். இதன் வழிவந்தவையே இன்றைய 'பார்டர் காலி' இன நாய்கள். விரைவும் அடக்கமும் ஓருடலில் கூடியமையே அவ்வினத்தின் சிறப்பாகும்.

1978ஆம் ஆண்டில் இலண்டன் ஒலிம்பியா அரங்கில் 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சி நடைபெற்றது. முதன்மை நிகழ்ச்சிகளுக்கு இடையே பார்வையாளர்களை மகிழ்விக்க ஏதேனும் வேண்டும் எனக் கண்காட்சிக் குழுவினராகிய ஜான் வார்லி கருதினார். குதிரைகள் தடைதாண்டும் போட்டியை முன்மாதிரியாகக் கொண்டு, பயிற்றுநர் பீட்டர் மீன்வெல்லின் துணையுடன் நாய்களுக்கான ஓட்டப்பாதை ஒன்று உருவாயிற்று. இரண்டு அணிகள் அதில் ஓடின, அரங்கம் ஆரவாரித்தது. இடைவேளையை நிரப்ப வந்த வேடிக்கை, 1980இல் கென்னல் கிளப்பின் முறையான விதிகளைப் பெற்றுப் போட்டியாக வளர்ந்தது. 1994இல் அமெரிக்கக் கென்னல் கிளப் தன் முதற்போட்டியை நடத்தியது. 1996இல் சுவிட்சர்லாந்தில் உலகப் போட்டி தொடங்கியது.

இப்போட்டியின் விதிகள் ஊன்றி நோக்கத்தக்கவை. பாதையை முன்னதாக நடந்து பார்க்கும் உரிமை மனிதருக்கு மட்டுமே உண்டு. நாய் அதனை ஓடும்போதுதான் காண்கிறது. கழுத்துக் கயிறு இல்லை. களத்தில் தின்பண்டம் காட்டலாகாது. நாயைத் தொட்டு வழிநடத்தலும் கூடாது. குரலும் கையசைவும் தோள் திரும்பும் திசையுமே வழிகாட்டுகின்றன. குறுக்குக் கம்பிகள் நாயின் உடல் பட்டால் எளிதில் விழுமாறு அமைக்கப்படுகின்றன. சரிவுப் பலகைகளின் அடிப்பகுதி வேறு வண்ணம் பூசப்பட்டிருக்கும். அங்கே கால் பதிக்காமல் பாய்ந்து இறங்கும் நாய்க்குப் பிழைப்புள்ளி விழும். உயரத்திலிருந்து குதித்து உடல் ஊறுபடாமல் காப்பதே இவ்விதியின் நோக்கம். விரைந்து ஓடும் நாயைவிடப் பிழையின்றி ஓடும் நாயே முன் நிற்கும். பிழைகள் சமமாயின் அதன் பின்னரே நேரம் கணக்கிடப்படும்.

பயிற்சியும் இந்நெறியையே பின்பற்றுகிறது. இளநாய்க்கு முதலில் கம்பியைத் தரையிலேயே வைத்துப் பழக்குவர். ஏற்ற இறக்கப் பலகை அசைவதையும் ஒலிப்பதையும் கண்டு அஞ்சாதிருக்க, அதனைத் தாழ்வாக அமைத்துச் சிறிது சிறிதாக உயர்த்துவர். சரியாகச் செய்தவுடன் பரிசு கொடுப்பர். பிரிட்டனில் 18 திங்கள் நிறையாத நாய் போட்டிக்கு வரலாகாது என்பது விதி. வளரும் எலும்பு மனிதரின் அவசரத்திற்குப் பலியாதல் கூடாதன்றோ!

ஆயினும் களத்தில் அரை நிமிட விரைவைக் கண்டு மயங்கி, அத்தகைய நாயை வாங்குவோர், அதற்குப் பின்னுள்ள அன்றாட உழைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொழில் தர இயலாதவர் கையில் அதே ஆற்றல் மீண்டும் குற்றமாகவே தோன்றும். அதற்குரிய தண்டனையை நாயே ஏற்கும்.

அடங்காதது என வீட்டார் கைவிரித்த துடிப்பு, தக்க வழிகாட்டியைப் பெற்றபோது திறனாக மலர்ந்தது. வகுப்பறையில் நாள்தோறும் துடிப்பு மிக்க இளையோரை எதிர்கொள்ளும் ஆசிரியர்க்கும் இவ்வரலாறு சிந்தனைக்குரியதே.