பால்மரமும் பாட்டுப் பெட்டியும்

அம்பாங்கான் பக்கத் தோட்டங்களில் நம் முன்னோர் சீவிய பால்மரம், வீட்டில் செய்யும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் உதவுகிறது. முதலில், பெட்டி எதற்கு?

ஒலிபெருக்கியின் கூம்பு அசையும்போது முன்னும் பின்னும் எதிரெதிர் அலைகள் எழுகின்றன. அவை கலந்தால் தாழ்ந்த ஒலி மங்கிவிடும். அவற்றைப் பிரிப்பதே பெட்டியின் வேலை. தராஸ் என்பவர் 1932இல் பெற்ற காப்புரிமையில், பெட்டியில் துளையிட்டுப் பின்புற ஒலியையும் துணைக்கு அழைத்தார். வில்ச்சர் 1954இல் பெட்டியை முற்றாக மூடி, உள்ளிருக்கும் காற்றையே சுருள்வில்லாக்கினார். (பெயர்ப் பொருத்தம் தற்செயலே!) ஆயினும் வீட்டில் செய்வோருக்குப் பேருதவி, ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961இல் வெளியிட்ட கட்டுரைதான். ஊகத்தை விட்டு, ஒலிபெருக்கியின் இயல்பளவுகளிலிருந்தே பெட்டியின் கொள்ளளவைக் கணக்கிட அது வழிகாட்டிற்று. ஐந்தாம் ஆண்டுக் கன அளவுப் பாடத்திற்கு இதைவிட நல்ல பயிற்சி உண்டோ?

இனி, பலகை. பெட்டி அதிரலாகாது, ஆதலால் கனமும் சீர்மையும் உள்ள எம்.டி.எஃப். பலகையைப் பலர் நாடுவர். மலேசியாவில் பால்மரத்தை அரைத்தும் அதனைச் செய்கின்றனர். சுமார் 25 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரம், முன்னாளில் பெரும்பாலும் விறகாகவே எரிந்தது. 1980களில்தான் தளவாடத் தொழில் அதன் மதிப்பை நன்குணர்ந்தது.

அப்பலகையை அறுக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. பெற்றோர் அறுத்துத் தர, பிள்ளைகள் அளந்து ஒட்டட்டும்.