காற்புள்ளி தமிழுக்கு வந்த கதை

சென்னை அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. ஐயர் மறைந்த மறு ஆண்டு, 1943-இல் தொடங்கப்பெற்றது. அங்குள்ள ஓலைச்சுவடி ஒன்றைக் கண்ட மாணவனுக்கு முதலில் தோன்றுவது திகைப்புத்தான். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, பத்தி இல்லை, காற்புள்ளி, கேள்விக்குறி எதுவும் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடக் காணோம்! புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று எழுதுவோர் அதை விட்டுவிட்டனர் என்பர். எகர ஏகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ஆகவே 'தென' என்று ஓலையில் இருந்தால் அது 'தென்' ஆகலாம், 'தேன்' ஆகவும் ஆகலாம். இத்தகைய ஏடுகளை ஒப்பிட்டுத்தான் ஐயர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டார்.

'குறிகளே இல்லாமல் நம் முன்னோர் எப்படிப் படித்தனர்?' என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? விடை தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'வருகிறாயா' என்னும்போது ஈற்றிலுள்ள ஆகாரமே வினாவைக் காட்டிவிடுகிறது. பிறர் கூற்று முடியும் இடத்தை 'என்று' காட்டுகிறது. 'பாலும் பழமும் தேனும்' என்பதில் உம்மை பொருள்களை எண்ணிப் பிரிக்கிறது. ஒருவரை அழைக்க எட்டாம் வேற்றுமை உண்டு. 'ராமன்' என்பது 'ராமா' ஆகிவிடும்.

இனி ஆங்கிலத்தைப் பாருங்கள். 'யூ ஆர் கமிங்' என்பதன் இறுதியில் முற்றுப்புள்ளி வைத்தால் செய்தி. கேள்விக்குறி இட்டால் வினா. சொல்லில் மாற்றமே இல்லை. 'ராமன், கம் ஹியர்' என்பதில் நம் விளி வேற்றுமையின் வேலையை ஒரு காற்புள்ளி செய்கிறது. பழைய ஆங்கிலத்தில் இருந்த வேற்றுமை உருபுகள் பெரும்பாலும் தேய்ந்து போயின. அதனால் சொற்களின் வரிசைக்கும், எழுத்தில் குறிகளுக்கும் அங்கே பொறுப்பு மிகுதி. தமிழ்வழியில் பயின்ற மாணவன் ஆங்கிலக் கட்டுரையில் காற்புள்ளியை மறந்தால் அவனை மந்தன் என்று வைவது சரியன்று. அவன் தாய்மொழி அந்த வேலையை அவனிடம் கேட்டதே இல்லை.

ஆங்கிலேயரும் இக்குறிகளைத் தாமே கண்டுபிடித்துவிடவில்லை. கி.மு. 200 அளவில் அலெக்சாந்திரியாவில் இருந்த அரிஸ்டோபனீஸ் என்னும் கிரேக்க அறிஞர், உயரம் மாறும் மூன்று புள்ளிகளால் நிறுத்தங்களைக் காட்டினார். பிற்பாடு ரோமானியரும் நம் ஓலைபோல் இடைவெளியின்றியே எழுதினர். 1490-களில் வெனிஸ் நகர அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸ் அரைப்புள்ளியை அச்சில் ஏற்றினார். 1795-இல் லிண்ட்லி மர்ரே எழுதிய ஆங்கில இலக்கணம் ஒரு கணக்கே சொல்கிறது: காற்புள்ளியைப்போல் அரைப்புள்ளி இரு மடங்கு நிறுத்தம், அதைப்போல் இரு மடங்கு முக்காற்புள்ளி, அதற்கும் இரு மடங்கு முற்றுப்புள்ளி. அதாவது ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. நம் பெயர்களோ கால், அரை, முக்கால், முற்று என்று ஏறுகின்றன. கணக்கு வேறு, எண்ணம் ஒன்றுதான்.

தமிழுக்கு இவை அச்சு வழியாக, அதிலும் முதலில் பாதிரிமார் நூல்கள் வழியாக வந்தன. ஆனால் தமிழ் உரைநடையில் இவற்றை முறையாக நிலைபெறச் செய்தவர் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரையே (1822–1879) கூறுவர். பீட்டர் பெர்சிவல் நடத்திய வெஸ்லியன் பள்ளியில் பயின்று, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றவர் நாவலர். பின்னர் கிறித்தவப் பிரசாரத்தை எதிர்த்துச் சைவத்துக்காக முழுமூச்சாக உழைத்தார். 1849-இல் சென்னைக்கு வந்து அச்சு இயந்திரம் வாங்கிச் சென்றார். எதிர்த்தவர்களிடம் கற்ற குறிகளைத் தம் நூல்களில் தயங்காமல் இட்டார். வேடிக்கைதான், ஆனால் நல்ல வேடிக்கை!

'தமிழுக்கு அவை தேவையே இல்லையே' என்று யாரேனும் கேட்டால் இந்த வாக்கியத்தைக் காட்டலாம்: 'நான் நேற்று வந்த பையனைப் பார்த்தேன்.' பையன் வந்தது நேற்றா, நான் பார்த்தது நேற்றா? உருபும் விகுதியும் இங்கே கைவிட்டுவிடுகின்றன. பார்த்ததுதான் நேற்று என்றால் இப்படி எழுதலாம்: 'நான் நேற்று, வந்த பையனைப் பார்த்தேன்.'