பொதுமுடக்கமும் கல்லூரி மாணவர் மனநலமும் (செங்கல்பட்டு மாவட்டம்)

கொரோனா பொதுமுடக்கக் காலத்தில் (2020–21) செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதிக் கல்லூரி மாணவர்கள் அனுபவித்த பதற்றம், தூக்கமின்மை, தனிமை ஆகியவை பற்றியது இப்பதிவு. மாவட்டம் 2019 நவம்பர் 29இல் உருவானது. நான்கே மாதத்தில் ஊரடங்கு வந்தது.

நோய்ப் பயத்தைவிடத் தேர்வு பற்றிய குழப்பமே மாணவர்களை அதிகம் அலைக்கழித்தது எனலாம். கட்டணம் கட்டியிருந்தோரின் அரியர் தேர்வுகளை ரத்து செய்வதாக 2020 ஆகஸ்ட் 26இல் தமிழக அரசு அறிவித்தது. இரண்டே நாளில், இறுதியாண்டுத் தேர்வு கட்டாயம் என்றது உச்ச நீதிமன்றம். அரியர் விவகாரமோ அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் (ஏஐசிடிஇ) எதிர்ப்பால் உயர் நீதிமன்றத்தில் நீண்டது. தேறினோமா இல்லையா என்றே தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பது எவரையும் உருக்குலைக்கும்.

கடற்கரையில் கவலை வேறு வகை. மாமல்லபுரம் நினைவுச்சின்னங்கள் 2020 மார்ச் 17 முதல் டிசம்பர் வரை மூடிக்கிடந்தன. சுற்றுலா வழிகாட்டி, ஆட்டோ ஓட்டுநர், சிலை விற்பவர் வீடுகளில் வருமானம் நின்றது. பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணமே பெருங்கவலை. ஒரே கைப்பேசியை உடன்பிறந்தோர் பங்கிட்டுக்கொண்ட வீடுகளில் இணையவழி வகுப்பும் பாதிதான். கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா தரும் தமிழக அரசின் திட்டம் 2021 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது.

மன ஆலோசனைக்கு 104 தொலைபேசிச் சேவை இருந்தது. மனநலத்துக்கென்றே தனியாக அமைந்த டெலி மானஸ் (14416) 2022 அக்டோபரில் வந்தபோது, அந்த மாணவர்களில் பலர் படிப்பை முடித்திருந்தனர்.