என்பிடெல் பரீட்சை மதிப்பெண்

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003-இல் தொடங்கிய காணொலிப் பாடத் திட்டமாகிய என்பிடெலின் பரீட்சையில் தேறியவருக்கு, அவரவர் கல்லூரி பட்டப்படிப்பில் கிரெடிட் அளிப்பதற்கு ஆதாரமாகும் மதிப்பீட்டு முறை. ராஜபாளையம் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோயில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் போன்ற ஸ்தாபனங்களின் மாணாக்கருக்கு இது பரிச்சயமானது.

பன்னிரண்டு வாரப் பாடமாயின், வாரந்தோறும் சமர்ப்பிக்கும் பயிற்சிகளுள் மிகச் சிறந்த எட்டின் சராசரி 25-க்கும், கண்காணிப்பாளர் முன்னிலையில் நேரில் எழுதும் பரீட்சை 75-க்கும் கணக்கிடப்பட்டு, இரண்டும் கூட்டப்படுகின்றன. ஆயினும் முன்னதில் 10-உம் பின்னதில் 30-உம் தனித்தனியே பெற்றாலன்றி, கூட்டுத்தொகை எவ்வளவாயினும், சான்றிதழ் கிடையாது. பயிற்சிகளைப் பிறர் தயவால் முடித்தவர் பரீட்சை மண்டபத்தில் அகப்படுவது இந்த நிபந்தனையாலேயே. விவேகமான ஏற்பாடு என்றே சொல்லவேண்டும். எட்டே கணக்கில் சேர்வதால், ஆடிப்பூரத் தேர் வாரத்தில் ஒரு பயிற்சியைத் தவறவிட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மாணாக்கனுக்கோ நஷ்டம் ஏதுமில்லை.

என்பிடெல் பாடங்கள் நடத்தப்படும் ஸ்வயம் இணையத் தளத்துப் பாடங்கள் குறித்த பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகள், ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை இவ்வழியே பயில அனுமதிக்கின்றன. பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு வழக்கமாக 3 கிரெடிட்.