முத்து செய்த புழுவும் ஏமாற்றிய புழுவும்

முத்து எப்படி உருவாகுது? சிப்பிக்குள்ள மணல் துகள் போய் உறுத்தும், அதைச் சுத்தி முத்து வளரும்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். பாட்டிகளைக் கேட்டால் சுவாதி நட்சத்திரத்து மழைத்துளிம்பாங்க. சுமார் 120 வருஷத்துக்கு முன்னாடி மன்னார் வளைகுடாவில் மூணாவதா ஒரு பதில் கிளம்பியது. நாடாப்புழு! அதுவும் திருக்கை மீனோட குடலில் வாழும் நாடாப்புழு :-)

1891-க்கு அப்புறம் இலங்கைக் கரையில் பத்து வருஷத்துக்கு மேல் சலாபமே (முத்துக்குளிப்புதான்) நடக்கவில்லை. காரணம் கண்டுபிடிக்க 1902-ல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார். கூட வந்த உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெல். இவர் பின்னாடி நம்ம சென்னை மாகாண மீன்வளத்துறைக்கே இயக்குநர் ஆனவர்.

சிப்பிகளை அறுத்துப் பார்த்தபோது ஈரல் பக்கம் குட்டிக் குட்டி உருண்டைகள் தென்பட்டன. உள்ளே நாடாப்புழுவின் இளம்பருவம். அந்தப் புழு செத்தால் சிப்பி அதைச் சுற்றிப் பூசும், அதுதான் முத்து என்று முடிவு கட்டினார்கள். சிப்பியைத் திருக்கை தின்னும்போது புழு அதன் குடலில் பெரிசாகிவிடும். ஆக திருக்கை எதிரி இல்லை, முத்துக்கு அது வேணும்! 1904-ல் ஷிப்லியும் ஹார்னெலும் இந்தப் புழுவுக்குப் பேரும் வைத்துவிட்டார்கள்: டெட்ராரிங்கஸ் யூனியோனிஃபாக்டர். 'முத்து செய்பவன்' என்று அர்த்தம்.

இங்கேதான் சிக்கல். நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. சத்தைத் தோல் வழியாவே உறிஞ்சிக்கும். உடம்பு ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கிட்டே போகும், எல்லாப் பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. எந்த வகைன்னு கண்டுபிடிக்க முதல்ல தலையைப் பார்க்கணும். டெட்ராரிங்கஸ் வகையின் தலையில் முள் வரிசை போட்ட நாலு தும்பிக்கை இருக்கும். உள்ளே இருக்கும் தசைக்குமிழ் சுருங்கினால் திரவம் தள்ளி, தும்பிக்கை உறையிலிருந்து வெளியே பாயும். குடல் சுவரில் குத்தி நிற்கும். இன்னொரு கூட்டம் டைலோசெஃபாலம். அதுவும் திருக்கையில்தான் குடியிருக்கு. ஆனால் அதுக்குத் தும்பிக்கை கிடையாது. நாலு சின்ன உறிஞ்சான், உச்சியில் தலையணை மாதிரி ஒரு தசைத் திண்டு, அவ்வளவுதான்.

சிப்பிக்குள் இருந்த உருண்டையில் நாலு தும்பிக்கையைக் காணோம். 'சின்னப் பருவம், இனிமேல் முளைக்கும்' என்று வைத்துக்கொண்டார்கள். அதே குட்டிதான் அந்தப் பெரிய புழுவாக வளருதுன்னு யாரும் வளர்த்துப் பார்க்கவில்லை.

1912-ல் லிஸ்டர் ஜேம்சன் என்பவர் இலங்கை முத்துக்களையே அறுத்து ஆராய்ந்தார். புழு முத்து செய்யுது என்பதற்கு ஆதாரம் போதாது, அந்தக் குட்டியும் டெட்ராரிங்கஸ் இல்லை, டைலோசெஃபாலம் என்றார். அவரும் ஒரு பேர் வைத்தார் பாருங்க: டைலோசெஃபாலம் லூடிஃபிகன்ஸ். லத்தீனில் 'ஏமாற்றுகிறவன்'! ஆய்வுக் கட்டுரையில் இதைவிட நாசூக்காகக் குத்த முடியுமா? (சொல்லப்போனால் புழு பாவம், அது யாரையும் ஏமாற்றவில்லை.)

இதே ஜேம்சன்தான் 1902-ல் ஐரோப்பிய மட்டிகளில் முத்து வருவதற்கு வேறொரு தட்டைப்புழு காரணம் என்று எழுதியவர். அதனால் புழு என்றாலே ஆகாது என்கிற ஆள் இல்லை. அங்கே இருந்த ஆதாரம் இங்கே இல்லை என்பதுதான் அவர் கட்சி.

இப்போ நமக்குத் தெரிந்தது இதுதான்: ஓடு சுரக்கும் மேலுறைத் தோலின் செல்கள் இடம் மாறி உள்ளே போய்ப் பையாக வளர்ந்தால் அதற்குள் முத்து வரும். 1973-ல் தூத்துக்குடியில் அழகர்சாமி குழுவினர் வளர்ப்பு முத்து எடுத்ததும் இந்த வழியில்தான். அந்தத் தோலில் ஒரு துண்டும் ஒரு சின்ன மணியும் போதும், புழு வேண்டாம். இன்னைக்கு தி.நகர் கடைகளில் தொங்கும் முத்துமாலைகளும் பெரும்பாலும் வளர்ப்பு முத்துதான்.

மன்னாரின் முத்துப்பார்களில் வேலை பார்த்த சவுத்வெல், 1930-ல் இந்திய நாடாப்புழுக்களைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். முத்தைத் தேடிப் போனவர்களால் நம்ம கடல் மீன்களின் புழுக்களுக்கு ஒரு வரலாறு கிடைத்தது. முத்து செய்யாத அந்தப் புழுவை மட்டும் புத்தகங்களில் இன்னமும் 'முத்து செய்பவன்' என்றுதான் கூப்பிடுறாங்க. வகைப்பாட்டியலில் ஒரு பேர் வைத்துவிட்டால், அர்த்தம் தப்பு என்பதற்காக மட்டும் அதை மாற்ற விதி இடம் தராது!