விளிம்பில் கண்ட உடன்பாடு

வீட்டில் ஓர் அறையை நிரந்தரமாக ஆக்கிரமித்துக்கொண்டு, பலகைமேல் பதித்த தண்டவாளமும் சாந்தில் எழுப்பிய மலையுமாக வளரும் மாதிரி ரயில் அமைப்புக்கு, உரியவர் வீடு மாறும் நாளில் ரம்பத்துக்கு இரையாவதைத் தவிர வேறு கதியில்லை. அதைப் பகுதிகளாகச் செய்து கண்காட்சி மண்டபத்தில் பூட்டும் வழக்கம் இங்கிலாந்தின் சங்கங்களில் நெடுநாளாகவே உண்டு; ஆயினும் அப்பகுதிகள் யாவும் ஒரே அமைப்பின் அங்கங்களாதலால், ஒன்று வந்து சேராவிடில் மற்றவை பயனற்று நின்றன.

இக்குறையை நீக்கியவர்கள், கலிபோர்னியாவில் ஜிம் பிட்ஸ்ஜெரால்டு முதலிய அன்பர்கள். ஒன்பது மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடும் ‘என்’ அளவு ரயில்களுக்காக அவர்கள் வகுத்த ‘என்ட்ராக்’ முறை, 1974-இல் சான் டியாகோவில் நடந்த மாதிரி ரயில் அன்பர்களின் மாநாட்டில் மக்கள் பார்வைக்கு வந்தது. நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட பலகை. தரையிலிருந்து 40 அங்குல உயரம். முன்விளிம்பிலிருந்து 4, 5½, 7 அங்குலத்தில் மூன்று பாதைகள். விளிம்பில் இவ்வளவும் பொருந்திவிட்டால், உள்ளே பாலைவனத்தை அமைப்பதும் துறைமுகத்தை அமைப்பதும் அவரவர் சுதந்திரம். ஒருவரையொருவர் கண்டிராதவர்கள் தனித்தனியே செய்தவை ஒரே நாளில் ஒரே ரயில்பாதையாகும் விந்தை இதனால் சாத்தியமாயிற்று.

இணைப்பு வேலையில்தான் இம்முறையின் மேதைமை புலப்படுகிறது. மண்டபத் தரை எங்கும் மேடுபள்ளமாதலால், கால்களின் அடியிலுள்ள திருகைத் திருப்பித் திருப்பி, இரு பலகைகளின் மேற்பரப்பும் விரலுக்குத் தட்டாதபடி சமமாக்கிய பிறகே, கீழே குனிந்து இரும்புக் கிளாம்புகளை இறுக்குகிறார்கள். ஒவ்வொரு பலகையிலும் தண்டவாளம் விளிம்புக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலேயே நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் சுமார் ஐந்து அங்குலத் தனித் துண்டொன்றைப் பொருத்தி, மின்கம்பிச் செருகிகளைக் கோத்துவிட்டால் பாதை தயார். விளிம்புவரை நீட்டிய தண்டவாளம் வண்டியில் ஏற்றி இறக்கும்போது வளைந்துவிடும் என்பதை அனுபவத்தில் உணர்ந்தவர்களின் தீர்மானம் அது.

ஆனால் முன்னால் மூன்று பாதைகள் நேர்கோடாக ஓடுவதால், எந்த ஊரும் பெரிய பிரதான மார்க்கத்தின் சாயலையே பெற்றது. கிராமத்துக் கிளைப்பாதையின் அழகுக்கு அதில் இடம் குறுகியது. அக்குறையை நான் சிறிதென்று எண்ணவில்லை. ஜெர்மனியில் 1981-இல் தோன்றிய ‘பிரெமோ’ சங்கம், நீளத்தையும் வளைவையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டு, முனைப்பலகையின் வடிவத்தை மட்டும் நிர்ணயித்து, போல்ட்டுகளால் பிணைத்தது. ஒற்றைப் பாதை மண்டபம் முழுவதும் வளைந்து வளைந்து செல்ல, விரைவாக ஓடும் கடிகாரத்தையும் கால அட்டவணையையும் அனுசரித்து, நிலையத்துக்கு நிலையம் சரக்கு வண்டிகளை அதன் உறுப்பினர்கள் நடத்திவருகிறார்கள்.