ஜாவ்ஜி–யூனிகோடு கண்டறிதல்

பர்மிய எழுத்தில் உள்ள ஓர் உரை ஜாவ்ஜி, யூனிகோடு என்னும் இரண்டு குறியாக்கங்களில் எதில் எழுதப்பட்டது என்று நிரல்வழி அறிந்து, அதற்குரிய எழுத்துருவையும் மாற்று விதிகளையும் ஏற்றும் முறை இது. பல தளங்களுக்குப் பொதுவான ஜாவாஸ்கிரிப்ட் தொகுதிகள் வழக்கமாக மொழிக் குறியைப் பார்த்தே அமைவுக் கோப்பைத் தேர்ந்தெடுக்கும். மியன்மாரின் வணிகத் தலைநகரான யாங்கூனில் அந்த வழக்கம் பலிக்கவில்லை. அங்கே ஒரே மொழிக் குறியின் கீழ் இரண்டு குறியாக்கங்கள் புழங்கின. எனவே எந்தக் கோப்பு வேண்டும் என்பதை உரையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

பர்மிய எழுத்து 1999இல் யூனிகோடில் இடம்பெற்றது. 2008இல் வந்த 5.1 பதிப்பில் அதன் அமைப்பு திருத்தப்பட்டது. அந்த இடைவெளியில் பரவிய ஜாவ்ஜி எழுத்துரு, யூனிகோடு ஒதுக்கிய அதே எண்களைத் தன் விருப்பப்படி பயன்படுத்தியது. 2014இல் தொலைத்தொடர்பு நிறுவனங்களான ஊரிடூவும் டெலினாரும் சேவை தொடங்கி, சிம் அட்டை 1500 கியாட்டுக்குக் கிடைத்தபோது மக்கள் கைக்கு வந்த கைப்பேசிகளில் ஜாவ்ஜியே ஓங்கியிருந்தது. 1039 என்ற எண் யூனிகோடில் ஓர் எழுத்தின் கீழ் மற்றொன்றை அடுக்கச் சொல்லும்; ஜாவ்ஜியில் அது நம் புள்ளியைப் போல மெய்யைக் காட்டும் குறி. ‘எ’ ஒலிக்குறியான 1031, நம் ஒற்றைக்கொம்பு போலக் கண்ணுக்கு மெய்க்கு முன்னால் தெரியும். யூனிகோடு அதை மெய்க்குப் பின்னால் சேமிக்கும். ஜாவ்ஜி பார்த்தபடியே முன்னால் சேமிக்கும். தமிழின் பழைய குறியாக்கங்களான டிஸ்கி, டாப் ஆகியவை யூனிகோடு தமிழின் எண்களைத் தொடாததால் அவற்றைப் பிரித்தறிவது எளிது. பர்மியத்தில் இரண்டும் ஒரே எண்களில் குடியிருந்தன.

இந்தச் சிக்கலுக்காக கூகுள் வெளியிட்ட மியன்மார் டூல்ஸ் தொகுதி ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா முதலிய பல நிரல்மொழிகளில் கிடைக்கிறது. எழுத்துகள் அடுத்தடுத்து வரும் வாய்ப்புகளைக் கொண்ட ஒரே ஒரு மாதிரிக் கோப்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை. உரை ஜாவ்ஜியாக இருக்கும் வாய்ப்பைத் தொகுதி 0 முதல் 1 வரையான எண்ணாகத் தரும். ஊகத்தை நம்பாமல் கருவியில் உள்ள எழுத்துருவையே சோதிக்கலாமே என்று கேட்கலாம். அடுக்கெழுத்தின் அகலத்தை அளந்து அதை அறிய முடியும். ஆனால் அது வாசிப்பவரின் கருவியைத்தான் சொல்லும். உரையோ வேறொருவரின் கருவியில் எழுதப்பட்டது. இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனி விடை வேண்டும். ஓரிரு எழுத்துள்ள உரையில் ஊகம் தவறும் என்பது வலுவான மறுப்பு. ஏனெனில் யூனிகோடு உரையை ஜாவ்ஜி என்று எண்ணி மாற்றினால் அது சிதையும். ஆகவே எண் இரு முனைகளில் ஒன்றை ஒட்டி வரும்போது மட்டும் முடிவெடுத்து, நடுவில் நின்றால் உரையைத் தொடாமல் விடுவதும், மூலத்தை அழிக்காமல் காப்பதும் முறை.

2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரப்பூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. இனி இந்தச் சோதனை எதற்கு என்றால், பழைய பதிவுகள் அந்த நாளில் மாறிவிடவில்லை. அவற்றின் மொழிக் குறி இன்றும் ‘பர்மியம்’ என்று மட்டுமே சொல்கிறது.